வட்டி குறையட்டும் என்று காத்திருப்பதா, மோட்டாரை மாற்றுவதா: நெருக்கடிக்குப் பிறகு டெல்டாவில் எதற்கு முதல் பணம்?

2020 ஜூலையில், கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே இருக்கும் ஒரு சிறிய அரிசி ஆலையின் முதலாளி என்னிடம் கேட்டார்: "தம்பி, பேங்க்ல நாலு லட்சம் தர்றாங்களாம். நெல்லு வாங்கிப் போடவா, மோட்டாரை மாத்தவா?"

இருபது வருடமாகச் சிறு ஆலைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுபவன் நான். அந்த நாலு லட்சம், கொரோனா ஊரடங்குக்குப் பிறகு மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் வந்த பணம். பிப்ரவரி 29-ஆம் தேதி நிலுவையில் இருந்த கடனில் 20 விழுக்காடு வரை புதுக் கடன். வங்கி வட்டிக்கு 9.25 விழுக்காடு உச்சவரம்பு. முதல் ஓராண்டு அசல் கட்ட வேண்டாம். நான்கு ஆண்டில் முடிக்க வேண்டும். அந்த ஆலை அண்ணனுக்கு 20 லட்சம் சி.சி. கடன் (அன்றாடச் செலவுக்கு எடுத்து எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்) இருந்தது, அதில் 20 விழுக்காடு என்று நாலு லட்சம் வந்தது. ஆலையிலோ மூன்று தடவை காயில் கட்டிய மோட்டார்கள் முனகிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

பொருளாதாரம் விழுந்து எழும் காலத்தில் ஒரு நாடே கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுதான். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துப் பணத்தைப் புழங்க விட்டால் மீட்சி வருமா? கரண்டும் டீசலும் வீணாவதைத் தடுத்துச் செலவைக் குறைத்தால் வருமா? மேலிடத்தில் இவை இரண்டும் வேறு வேறு அலுவலகங்களின் வேலை. ஆலைக்காரர் மேசையில் இரண்டும் ஒரே கணக்கு நோட்டில் விழுகின்றன. ஒவ்வொன்றும் யாருக்கு, எப்போது, எத்தனை நாளைக்கு உதவியது என்பதை நான் பார்த்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வட்டி. 2020 தொடக்கத்தில் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 5.15 விழுக்காடு. மார்ச் 27-ஆம் தேதி ஒரே அடியாக 4.40 ஆக்கினார்கள், மே 22-ஆம் தேதி 4.00. சிறு தொழில் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்ற விதி 2019 அக்டோபரிலேயே வந்திருந்ததால், அப்படி இணைந்த கடன்களுக்கு இந்த இறக்கம் சில மாதங்களில் வந்து சேர்ந்தது. 20 லட்சம் கடனில் 1.15 விழுக்காடு என்றால் வருடத்துக்கு 23,000 ரூபாய். ஆலை மூடிக் கிடந்த நாளில் அது பெரிய ஆறுதல், இல்லை என்று சொல்ல மாட்டேன். தவணை தள்ளிவைப்பும் அப்படித்தான். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் கட்டாமல் இருக்கலாம் என்றதும் பலருக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த ஆறு மாத வட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

வட்டிக் குறைப்பு மேட்டூர்த் தண்ணீர் மாதிரி. அணை திறந்த சேதி எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடும், தண்ணீர் மட்டும் தலைமடைக்கு முதலில் வரும். கடைமடையில் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் ஆட்கள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடனில் தலைமடைக்காரர்கள் பெரிய நிறுவனங்கள், வீட்டுக்கடன் வாங்கிய மாதச் சம்பளக்காரர்கள், புதிய முறையில் கடன் வாங்கிய ஆலைகள். பழைய முறையில் வாங்கியவர்களுக்கு அரையும் குறையுமாக, தாமதமாக வந்தது.

பயிர்க்கடன் வாங்கிய விவசாயிக்கு அந்த இறக்கத்தில் ஒரு பைசா வரவில்லை. மூன்று லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு என்று அரசு தனியாக நிர்ணயித்திருக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் 3 விழுக்காடு திரும்பக் கிடைத்து 4 ஆகும். நம் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கி தவணை தவறாமல் கட்டினால் வட்டியே இல்லை. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கணக்கு அசையாது. அவருக்கு வந்த உதவி வேறு வாசல் வழியாக வந்தது: 2021 பிப்ரவரியில் மாநில அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. அது அரசு கஜானாவிலிருந்து வந்தது, ரிசர்வ் வங்கி கொடுத்தது அல்ல.

நகையை அடகு வைத்தவர் நிலைமை இன்னும் கடினம். டெல்டாவில் நெருக்கடி வந்தால் வங்கிக்கு முன்னால் பீரோ திறக்கும். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, விவசாயம் அல்லாத தேவைக்கு வங்கிகள் தரும் நகைக்கடனில், நகை மதிப்பில் 75 விழுக்காடு என்றிருந்த வரம்பை 90 ஆக்கி, 2021 மார்ச் வரை வைத்திருந்தது. அதே வளையலுக்குக் கூடுதல் பணம் கிடைத்தது. தனியார் அடகுக்கடை வட்டியை மட்டும் அது தொடவில்லை. திருபுவனத்தில் பட்டு நெய்கிறவர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அவரிடம் ரெப்போ என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

இன்னொரு குறையும் உண்டு, அதுதான் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. வட்டிக் கொள்கை நாடு முழுமைக்கும் ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் ஒரத்தநாடும் ஒரே இரவில் தென்னையை இழந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து கிடக்க, தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வாடகை ஜெனரேட்டருக்கு ஊரே காத்துக் கிடந்தது. அப்போது ரெப்போ 6.50. ஒரு பகுதியை அடித்த புயலுக்காக அது நகராது, நகரவும் கூடாது. அடுத்த பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி அக்டோபருக்குள் 5.15-க்கு வந்தது உண்மைதான். அதற்குக் காரணம் நாட்டின் வளர்ச்சி மந்தம், பேராவூரணித் தென்னை இல்லை.

இயற்கைப் பேரிடருக்கென்று ரிசர்வ் வங்கி அப்போது வைத்திருந்த தனி விதியில் பயிர்க்கடனை மாற்றி எழுத முடிந்தது: இழப்பு 33 முதல் 50 விழுக்காடு என்றால் இரண்டு ஆண்டு வரை, 50-க்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு வரை. ஆனால் நெட்டைத் தென்னங்கன்று நட்டு ஒழுங்காகக் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். கடனின் காலமும் மரத்தின் காலமும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. அந்த இடைவெளியில் வட்டி எவ்வளவு என்பதைவிட, மாதச் செலவில் எதைக் குறைத்தால் தாக்குப்பிடிக்கலாம் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

இப்போது மோட்டார்.

10 எச்.பி. மோட்டார் என்பது 7.5 கிலோவாட். மோட்டார் எவ்வளவு மின்சாரத்தை வேலையாக மாற்றுகிறது என்பதற்கு ஐ.இ. என்று தர வரிசை உண்டு, எண் கூடினால் தரம் கூடும். ஐ.இ. 3 தரத்தில் நான்கு துருவ மோட்டாரின் திறன் 90.4 விழுக்காடு. பழைய ஐ.இ. 1 தரமே 86 தான். அதுவும் காயில் எரிந்து, கட்டி, மறுபடி எரிந்து, மறுபடி கட்டினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறங்கும். அண்ணனின் மோட்டார் 82-இல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேலைக்குப் பழையது 9.15 கிலோவாட் இழுக்கும், புதியது 8.30. வித்தியாசம் 0.85. வருடம் 2,500 மணி நேரம் ஓடினால் 2,125 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் 17,000 ரூபாய். மோட்டார் 40,000 என்றால் இரண்டரை வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். முழு லோடில் ஓடாத மோட்டாருக்கு இந்த மிச்சம் குறையும். அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல், அதிக நேரம் ஓடுவதை மட்டும் முதலில் மாற்றச் சொல்கிறேன். பாலிஷ் இயந்திரத்தில் தளர்ந்த பெல்ட், கெட்டுப்போன கெப்பாசிட்டர், மாவு அப்பிய பேரிங் போன்றவற்றைச் சரிசெய்யப் பெரிய பணமே வேண்டாம்.

17,000-க்கும் 23,000-க்கும் பெரிய தூரம் இல்லை. ஒரே ஒரு மோட்டார் கொடுத்தது 17,000. ரிசர்வ் வங்கியின் இரண்டு பெரிய அறிவிப்புகள் சேர்ந்து கொடுத்தது 23,000. அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 மே 4-ஆம் தேதி ரெப்போ ஏறத் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் 6.50. இரண்டரை விழுக்காடு ஏற்றம். 20 லட்சத்துக்கு வருடம் 50,000 கூடுதல். கொடுத்த 23,000 போக, நெருக்கடிக்கு முன் கட்டியதைவிடவும் 27,000 அதிகமாகக் கட்ட வேண்டி வந்தது. 2025-இல்தான் மறுபடி இறங்க ஆரம்பித்து ஜூனில் 5.50-க்கு வந்தது. மோட்டார் தரும் மிச்சமோ அப்படியே நிற்கிறது. மின்கட்டணம் ஏறினால் அந்த மிச்சமும் கூடும். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கட்டணம் ஏறியபோது புது மோட்டார் போட்டிருந்தவர்களுக்கு வலி கொஞ்சம் குறைவு.

மின்சிக்கனத்தால் தொட முடியாத இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருப்பவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், ஐஸ் வாங்க ஆள் குறையும், கம்ப்ரசர் ஓய்வெடுக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்இணைப்புக்குக் கட்டும் நிலைக்கட்டணம் ஓய்வெடுக்காது. எவ்வளவு திறமான மோட்டார் வைத்தாலும் அது வரும். அங்கே பார்க்க வேண்டியது சாங்ஷன் லோடு, அதாவது மின்வாரியத்திடம் அனுமதி வாங்கி வைத்திருக்கும் மின்சார அளவு, தேவைக்கு மேல் இருக்கிறதா என்பதை. அந்த இரண்டு மாதத்தைக் கடக்கக் குறைந்த வட்டியில் கைக்கடன் கிடைப்பதுதான் அவருக்கு உண்மையான உதவி. அவரிடம் போய் மோட்டாரை மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆயில் இன்ஜின் வைத்து இறைக்கிறவர் கணக்கு நேர் எதிர். கடைமடையில் வாய்க்காலிலும் வடிகாலிலும் இருக்கிற தண்ணீரை வயலுக்கு ஏற்ற இன்ஜின்தான் கதி. 5 எச்.பி. இன்ஜின் முழு லோடில் மணிக்குச் சுமாராக ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். குறுவைக்கு 300 மணி நேரம் இறைத்தால் 300 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்றால் 27,600. இவருக்குப் பயிர்க்கடன் வட்டியில் ரெப்போ இறங்கியதால் கிடைத்தது பூஜ்யம் என்று மேலே பார்த்தோம். ஆனால் உறிஞ்சும் பைப்பின் அடியில் அடைத்துக் கிடக்கும் ஃபுட் வால்வை மாற்றி, ஒன்றரை அங்குலமாகச் சிறுத்த பைப்பை அகலப்படுத்தி, தேவையில்லாமல் உயரத்தில் ஊற்றும் டெலிவரி பைப்பை வரப்பு மட்டத்துக்கு இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு டீசல் மிஞ்சினால்கூட 5,500 ரூபாய். செலவு சில ஆயிரம்தான். தண்ணீர் உயரத்திலிருந்து கொட்டுவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஒவ்வொரு அடி உயரத்துக்கும் டீசல் எரிகிறது.

கரண்ட் மோட்டார் வைத்திருக்கும் விவசாயியிடம் வரும்போது என் கணக்கு நோட்டு திணறுகிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். கடைமடைத் தண்ணீர் நிச்சயமில்லாத ஊரில் அந்த இலவசம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதை எடுக்கச் சொல்பவர்களோடு நான் இல்லை. ஆனால் நட்சத்திரக் குறியீடு போட்ட நல்ல பம்பை வாங்கினால் அவருக்கு என்ன லாபம்? பணம் அவர் கையிலிருந்து போகும்; மிச்சம் மின்வாரியத்துக்கும், அதற்கு மானியம் கட்டும் அரசுக்கும் போகும். அவரை மாற்றச் சொல்வது நியாயமில்லை. மிச்சம் யாருக்குப் போகிறதோ அவர்கள்தான் செலவழிக்க வேண்டும். பஞ்சாபில் 2018-இல் ஒரு வழி கண்டார்கள்: ஒரு விவசாயிக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கி, அதில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் போட்டார்கள். இலவசத்தைத் தொடவில்லை, மிச்சத்துக்கு விலை வைத்தார்கள். நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டில் இப்படிப் பணம் வந்தால் அது கடனும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. உழைத்து மிச்சம் பிடித்த காசு. நம் டெல்டாவில் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

பம்பை மாற்றாமலே மிச்சம் பிடிக்கும் வழியை நம் ஆட்கள் ஏற்கெனவே அறிவார்கள்: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டி நிறுத்தாமல், மயிரிழை வெடிப்பு விடும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. தண்ணீர் குறைந்தால் இறைக்கும் நேரமும் குறையும். ஒரு பைசா கடன் வேண்டாத எரிசக்திச் சிக்கனம் இது.

சோலார் பம்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2019-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30 விழுக்காடு மானியம். மீதி நம் பங்கு. டீசலுக்குப் பதிலாக வைத்தால் நல்ல முதலீடு. ஆனால் வெயில் இருக்கும்வரை செலவில்லாமல் ஓடும் என்பதால் தேவைக்கு மேல் இறைக்கத் தோன்றும். கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீரை அதிகம் எடுத்தால் உப்பு நீர் உள்ளே வரும். வேதாரண்யம் பக்கம் இதை எச்சரிக்கையாக யோசிக்க வேண்டும்.

எந்த மாதிரி நெருக்கடி என்பதைப் பார்க்காமல் முடிவெடுத்தால் தவறிப்போகும். 2008 செப்டம்பருக்குப் பிறகும் 2020-இலும் வந்தது தேவை விழுந்த நெருக்கடி. வாங்க ஆளில்லை. அப்போது வட்டி இறங்கும். 2008 அக்டோபரில் 9 விழுக்காடாக இருந்த ரெப்போ அடுத்த ஏப்ரலில் 4.75-க்கு வந்தது. 1973-இலும் 1979-இலும் வந்தது எண்ணெயிலிருந்து கிளம்பிய நெருக்கடி. விலைவாசியை அடக்க மத்திய வங்கிகள் வட்டியை ஏற்றின. அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த பால் வோல்க்கர் ஏற்றிய ஏற்றம் உலகத்துக்கே தெரியும். அதே 1979-இல் ஜப்பான் எரிசக்திச் சேமிப்புக்கென்று தனிச் சட்டம் போட்டது. 2022-இல் நாமும் இரண்டாவது வகையைப் பார்த்தோம்: உக்ரைன் போருக்குப் பின் ஏப்ரலில் சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியது, மே மாதம் வட்டி ஏறியது. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டுக்கு இது அடிக்கடி நடக்கக்கூடியது. நரிமணத்தில் எண்ணெய் எடுக்கும் மண்ணில் நின்றுகொண்டும் இன்ஜினுக்கு டீசல் அதே உலக விலைக்குத்தான். இப்படி எண்ணெயால் வரும் அடியில் வட்டி உதவிக்கு வராது, எதிராகவே திரும்பும். டீசல் குறைவாகக் குடிக்கிற இன்ஜினைத் தவிர வேறு கவசம் இல்லை.

ஆகவே தேவை விழுந்த நெருக்கடியில் முதல் ஆறு மாதம் கடன், வட்டிச் சலுகை, தவணைத் தள்ளிவைப்பு எது கிடைத்தாலும் வாங்கி உயிரோடு இருங்கள். அந்தச் சமயத்தில் நெல் வாங்கக் காசில்லாத ஆலைக்குத் திறமான மோட்டார் எதற்கு? ஆனால் வட்டி தாழ்ந்து கிடக்கும் அந்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் கடனில் ஒரு பகுதியை மோட்டாரிலும் பைப்பிலும் போட்டுவிட வேண்டும். வட்டி ஏறிய பிறகு அதே மோட்டாருக்குக் கடன் வாங்குவது கடைசித் தண்ணீரில் நாற்று விடுவது மாதிரி. எண்ணெய் நெருக்கடி என்றால் முதல் மாதத்திலிருந்தே சிக்கனம்தான்.

இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அரசுகளுக்குத் தெரியாமல் இல்லை. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. என்ற அரசு வங்கி, வீட்டில் எரிசக்தி வீணாவதைக் குறைக்கும் வேலைக்குக் குறைந்த வட்டிக் கடன் பல ஆண்டுகளாகத் தருகிறது. ஜப்பான் மத்திய வங்கி, பருவநிலைக்கு உதவும் கடன் தரும் வங்கிகளுக்கு 2021 முதல் வட்டியில்லாமல் பணம் தரத் தொடங்கியது. நம் ரிசர்வ் வங்கியும் 2020 செப்டம்பரில் பம்புசெட்டுக்குச் சூரிய மின்சாரம் அமைக்கும் கடனை, வங்கிகள் கட்டாயமாக ஒரு பங்கு தர வேண்டிய முன்னுரிமைக் கடன் பட்டியலில் சேர்த்தது. திறமான மோட்டாருக்கும் பம்புக்கும் சிறு ஆலைகள் கேட்டுப் பெறும்படி இதே மாதிரி எளிய கடன் வேண்டும். விலையைக் குறைக்கவும் வழி தெரியும்: அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ததில் ஒரு எல்.இ.டி. பல்பின் விலை 2014-இல் 310 ரூபாயிலிருந்து 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. பல்புக்குச் செய்ததைப் பம்புக்கும் செய்யலாம். ஊராட்சியில் தெருவிளக்கு மாற்றும்போது யாரும் வட்டியைப் பற்றிப் பேசுவதில்லை. பில் குறைவது அடுத்த மாதமே கண்ணுக்குத் தெரிகிறது.

அண்ணன் அன்று மூன்று லட்சத்துக்கு நெல் வாங்கினார். அந்த வருடம் மேட்டூர் எட்டு ஆண்டுக்குப் பிறகு ஜூன் 12-ஆம் தேதியே திறந்திருந்ததால் குறுவை நன்றாக வந்து, ஆலைக்கு வேலை கிடைத்தது. மீதி ஒரு லட்சத்தில் அதிகம் ஓடும் இரண்டு மோட்டாரை மாற்றினோம். 2023-இல் வட்டி 6.50 என்ற சேதி வந்த அன்று அவர் போன் செய்து மூன்றாவது மோட்டாருக்கு விலை கேட்டார். அப்போது கடன் வாங்க வேண்டாம், அறுவடை முடியட்டும் என்றேன்.

போன வாரம் தலைஞாயிற்றிலிருந்து ஒரு மாமா, மகளின் சங்கிலியை வைத்துச் சோலார் பம்பு போடலாமா என்று கேட்டார். மாமா, மானியத்துக்கு எழுதிப்போட்டு வையுங்கள், சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய் அவருடைய இன்ஜினின் ஃபுட் வால்வைக் கழற்றிப் பார்க்கப் போகிறோம். டெலிவரி பைப்பை எவ்வளவு இறக்கலாம் என்று அளக்க டேப்பும் எடுத்து வைத்திருக்கிறேன்.